கண்ணாடியில் தெரியாத டோரினா

ஏ.சி.யை நிறுத்திவிட்டார்கள். ஓடினால் அதன் உறுமல் மைக்கில் விழும், நிறுத்தினால் என் வியர்வை டேபிளில் விழும், இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று ஒலிப்பதிவாளர் பெலிக்ஸ் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார், மைக்குக்கு முன்னால் மனுஷி எந்த மூலைக்கு, சரி, வளையலைக் கழற்றியாயிற்று, தாலிச்சரடை ஜாக்கெட்டுக்குள் தள்ளியாயிற்று, சரசரக்காத பழைய பருத்திப் புடவை, ஆனால் வயிற்றைக் கழற்றி வெளியே வைக்க முடியாதே, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு, அது பேசினால் மைக் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெலிக்ஸ் கையைக் காட்டுகிறார். 'அய்யோ, என் முடி! நான் எப்படி இருக்கேன்? யாராவது சொல்லுங்களேன், நான் எப்படி இருக்கேன்?' நாற்பதைத் தாண்டிய தொண்டையைப் பன்னிரண்டு வயதாக்க வேண்டுமென்றால் மூச்சு அடிவயிறுவரை போகக் கூடாது, மேல் நெஞ்சிலேயே திரும்பிவிட வேண்டும், ஓடி வந்து நின்ற பிள்ளை மாதிரி. என் அம்மா எனக்கு அஞ்சுகம் என்று பெயர் வைத்தபோது நான் கிளிப்பிள்ளையாகவே பிழைப்பேன் என்று நினைத்திருக்க மாட்டாள். பெலிக்ஸுக்குப் பின்னால் இருக்கும் சோபாவில் என் மகள் தாரகை காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதிலும் ஒரு ஹெட்போன், மடியில் என் கைபேசி. நான் இங்கே மூச்சு விட்டால் அவளுக்குக் கேட்கும், அவள் அங்கே கத்தினாலும் எனக்குக் கேட்காது. அந்தக் கைபேசி மட்டும் இப்போது அடிக்காமல் இருக்க வேண்டும்.

டோரினா ஒரு ரத்தக்காட்டேரி. முந்நூறு வருஷமாகப் பன்னிரண்டு வயதிலேயே நிற்கிறாள். எங்கள் திண்டிவனம் பக்கம் காட்டேரி என்றால் கறுப்புக் கோழியும் சாராயமும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவந்துவிட வேண்டும், பேரைச் சொன்னாலே கர்ப்பிணிகள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இவளோ லேஸ் வைத்த கவுன் போட்டுக்கொண்டு மலைமேல் ஒரு கோட்டைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கூடப் படிக்கிற ஓட்டோ முதலான காட்டேரிப் பிள்ளைகளெல்லாம் வேட்டைக்காரர்களோடு மல்லுக்கட்டும்போது இவளுக்கு ரிப்பன் நேராக இருக்கிறதா என்று கவலை. ரத்தத்தை ரோஸ்மில்க் மாதிரி ஸ்ட்ரா போட்டுக் குடிப்பாள், சிந்தினால் 'அய்யோ, கவுன்!' என்பாள், அதோடு சரி. இப்போது ஒலிப்புத்தகமாக வாசிப்பது நான்காவது புத்தகம், நான்கிலும் அவள் ஒரு இம்மி வளரவில்லை. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் ஏன் இப்படி ஒரு வெற்றுப் பானையைத் தூக்கித் தலையில் வைக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வரும். பால்குடிப் பிள்ளையின் அழுகை முதல் சீரியல் மாமியாரின் சாபம்வரை இந்தத் தொண்டை பேசியிருக்கிறது, எல்லாவற்றிலும் உள்ளே போய் உட்கார ஒரு மூலையாவது இருந்தது, இவளிடம் உட்காரப் போனால் அந்தப் பக்கமாக விழுந்துவிடுகிறேன். தாரகைக்கு நான்கு புத்தகமும் மனப்பாடம். போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது, "அவ மண்டையில ஒண்ணுமே இல்லையேடி" என்றேன். "அதனாலதாம்மா புடிக்குது" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். பதில் சொல்லத் தெரியாமல் உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அஞ்சுகம் மேடம், வயிறு" என்கிறது ஹெட்போனில் பெலிக்ஸின் குரல். ஒரு மிடறு வெந்நீர். மறுபடியும். 'நான் எப்படி இருக்கேன்?' இதே கேள்வியைக் காலையில் தாரகை என்னிடம் கேட்டாள். குளியலறைக் கதவைப் பாதி திறந்து, பள்ளிக்கூடச் சீருடையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, முகம் சுண்டைக்காய் அளவாகச் சுருங்கி, "அம்மா, வயித்த வலிக்குது, இங்க பாரும்மா" என்றாள், பார்த்தேன், பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, கழுவிவிட்டேன், துணி மாற்றினேன், எல்லாம் சரியாகத்தான் செய்தேன், அப்புறம் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள், "அம்மா, நான் எப்படிம்மா இருக்கேன்?" எனக்கு ஏன் அப்படி வந்தது, எங்கிருந்து வந்தது, தாடையைப் பிடித்து, "பெரிய மனுஷியாயிட்டடி என் ராசாத்தி" என்றேன். எத்தனை சீரியலில் பேசிய வசனம். கண்ணில் தண்ணீர் வேறு வந்தது எனக்கு. சந்தோஷம்தான், பொய்யில்லை. ஆனால் அவள் முகம், அடுப்பை அணைத்ததும் பால் இறங்குமே, அப்படி இறங்கிவிட்டது. அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் அடுக்களைக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அதுதானே முறை. வயதுக்கு வந்தால் முதல் சேதி தாய்மாமனுக்குத்தான், அப்பன்காரனுக்குக்கூட அப்புறம்தான், அவள் அப்பன்காரர் வேறு சரக்குக் கப்பலில் எந்தக் கடலில் இருக்கிறாரோ, கரை தட்டினால்தான் பேசுவார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, அண்ணன் எடுக்கவில்லை. தணிகாசலம் டிரைவிங் ஸ்கூல் முதலாளி, யாருக்காவது கிளட்ச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால் வானமே இடிந்தாலும் போனைத் தொடமாட்டார், மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்க் கை கழுவிவிட்டுத்தான் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். போனை வைத்துத் திரும்பினால் வாசற்படியில் இவள். "அம்மா, மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத. போர்டு வெச்சிடுவாரு. ப்ளீஸ்மா." நான் கைபேசியைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "சத்தியமா சொல்லலடி" என்றேன். சொல்லவில்லைதான். கூப்பிட்டேன், அவ்வளவுதான். கூப்பிட்டதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. பிள்ளையைத் தனியே விட்டு வர மனசில்லை, பதிவைத் தள்ளிப்போடவும் முடியாது, வீட்டுப் படி தாண்டக் கூடாத நாளில் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டேன். காத்து கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு வேண்டுமே, அவசரத்துக்கு அகப்பட்டது நகவெட்டிதான், அவள் பையில் போட்டேன். "இது எதுக்கு?" என்றாள். "சும்மா இருக்கட்டும்" என்றேன். மகளுக்குக் காட்டேரி அண்டக் கூடாதென்று இரும்பைக் கொடுத்துவிட்டு இங்கே வந்து காட்டேரிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், கூத்துதான்.

போர்டு. அண்ணன் மகள் யாழினிக்குப் போன வருஷம் வைத்தார்களே, பேருந்து நிலையத் திருப்பத்தில், ஒரு மாடி உயரத்துக்கு. தலையில் கிரீடம், சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி, பக்கத்தில் சிங்கம் ஒன்று, சுற்றிலும் வட்டம் வட்டமாக உறவுக்காரர்களின் தலைகள், என் தலையும் அதில் உண்டு, நல்ல போட்டோவாகப் பார்த்து நானே அனுப்பினேன். விழா முடிந்து ஊர் திரும்ப பஸ்ஸுக்கு நின்றபோது யாழினி வழியனுப்ப வந்தாள். அந்தத் திருப்பம் வந்ததும் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். டியூஷன் பையன்கள் இரண்டு பேர் போர்டுக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெயிலுக்குப் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். தாரகை மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், இப்போதுதான் ஞாபகம் வருகிறது, பஸ் வரும்வரை விடவே இல்லை. அண்ணனைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை எனக்கு. தாரகை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளைத் துணியோடு வாங்கி, "முதல் சீர் நான்தான் வெப்பேன், யாரும் குறுக்க வரக்கூடாது" என்று நர்ஸிடம்கூடச் சொன்ன மனுஷன். அவருக்குப் பாசம் வந்தால் ஊருக்கே தெரிய வேண்டும், பந்தல் போடாமல் அவருக்குச் சந்தோஷப்படத் தெரியாது. பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் அண்ணன் மனம் உடையும், அண்ணனிடம் சொன்னால் இவள் இனி எந்தக் கதவையும் எனக்குப் பாதிகூடத் திறக்கமாட்டாள்.

'ஓட்டோ, நீயாவது சொல்லு, நான் எப்படி இருக்கேன்?' எனக்கு வந்தபோது யார் கேட்டார்கள். கொல்லையில் பச்சை ஓலையில் ஒரு தடுப்புக் கட்டி உள்ளே உட்கார வைத்தார்கள், தட்டு தனி, டம்ளர் தனி, வருகிறவர் போகிறவரெல்லாம் ஓலையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு "நல்லா வளர்ந்துட்டா" என்று சொல்லிப் போனார்கள், எனக்கு ஓலை வாசனையில் குமட்டிக்கொண்டு வந்தது, என்னமோ தப்பு செய்துவிட்டேன், அதை எல்லோருமாகச் சேர்ந்து கொண்டாடுகிறார்கள் என்று ஒரு குழப்பம். சாயங்காலம் பின்பக்கத்து ஓலை அசைந்தது. பாம்பு என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டேன். அண்ணன் கை. மீசை அரும்பிய வயது அவருக்கு, ஆண்பிள்ளை அந்தப் பக்கமே வரக் கூடாது, ஓலை இடுக்கில் ஒரு பேய்க்கதைப் புத்தகத்தைச் சொருகி, "பாப்பா, படி, யாராச்சும் வந்தா பாய்க்கு அடியில வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனார். அட்டை கிழிந்த புத்தகம். அதைப் படித்து முடிக்கும்வரை நான் வயதுக்கு வரவில்லை, பேயும் நானும் மட்டும்தான் இருந்தோம். எப்படி மறந்தேன் இதை? அண்ணனும்தான் எப்படி மறந்தார், அந்தக் கையேதான் போர்டுக்குச் சிங்கம் வேண்டும் என்று சொன்னது.

"மேடம், கடைசிப் பக்கம். முடிச்சிட்டுச் சாப்பிடப் போலாம்." கடைசிப் பக்கம் வந்துவிட்டதா. வேட்டைக்காரர்கள் ஓடிவிட்டார்கள், கோட்டை பாதி எரிந்துவிட்டது, எல்லோரும் கரி பூசிக்கொண்டு நிற்கிறார்கள், டோரினா வருகிறாள், வழக்கமான கேள்வி. அவள் சிநேகிதன் ஓட்டோ சொல்ல வேண்டியது ஒரே வரி: 'நேத்து மாதிரியே இருக்க.' நான்கு புத்தகத்திலும் இதையேதான் சொல்கிறான். அதற்கு டோரினா, 'அப்பாடா.' இவ்வளவுதான் முடிவு. மொழிபெயர்த்தவரைக் கூப்பிட்டு, இதற்கு மேல் ஒன்றும் இல்லையா என்று கேட்கலாமா என்றுகூட நேற்று நினைத்தேன். 'அப்பாடா.' பெலிக்ஸ் தலையை ஆட்டுகிறார். "இன்னும் கொஞ்சம் லேசா, மேடம். பாரமா இருக்கு." 'அப்பாடா.' "இல்ல, இப்ப நடிக்கிற மாதிரி இருக்கு." 'அப்பாடா.' வரவில்லை. இந்த வெற்றுப் பானையின் ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. எதிரே கண்ணாடியில் என் முகம் மங்கலாக விழுகிறது, அதற்குப் பின்னால் தாரகையின் முகம். காட்டேரிகள் கண்ணாடியில் தெரிய மாட்டார்கள். அட. கண்ணாடியில் தெரியாத பிள்ளை தான் எப்படி இருக்கிறோம் என்று அடுத்தவரைத்தானே கேட்க வேண்டும். தன் முகத்தையே பார்த்திராதவள், முந்நூறு வருஷமாக, நான் இன்னும் நான்தானா என்றல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கிரீடம் வேண்டாம், சிங்கம் வேண்டாம், தாடையைப் பிடித்துக் கண்ணீர் விடுகிற அம்மா வேண்டாம். ரத்தம் பட்டால் கவுனைத் துவைத்தால் போதும், அதற்காக யாரும் பந்தல் போடமாட்டார்கள். அதனாலதாம்மா புடிக்குது. அடி என் கண்ணே, உளறியது நான்தான்.

அப்போது தாரகையின் மடியில் வெளிச்சம் தெரிகிறது. கைபேசி. அவள் குனிந்து பார்க்கிறாள். பெயரைப் பார்க்கிறாள், அப்புறம் நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறாள். என் நெஞ்சு அடிப்பது நிச்சயம் மைக்கில் விழுந்திருக்கும். எடுக்காதே என்று தலையாட்டலாமா, ஆட்டினால் எனக்குத் தெரிந்துதான் வருகிறது என்று ஆகிவிடும், ஆட்டாவிட்டால் அண்ணன் "என்னடா, அம்மா காலையிலயே கூப்பிட்டிருக்கா, என்ன விசேஷம்?" என்று கேட்பார், கேட்கத்தான் போகிறார், இரண்டில் எது நடந்தாலும் நான் பொய்க்காரி. அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எடுத்துவிட்டாள். வாய் அசைகிறது. எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. உலகத்து வாயெல்லாம் திரையில் பார்த்து அதற்குச் சரியாகப் பேசுகிறவள் நான், பெற்ற மகளின் உதட்டைப் படிக்கத் தெரியவில்லை. அவள் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும்தான் தெரிகிறது. தோள் குலுங்குகிறதா? அழுகிறாளா? சிரித்தாலும் தோள் குலுங்கும்தானே. நகவெட்டிப் பை சோபாவில் கிடக்கிறது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், பெலிக்ஸ் "மேடம், அந்த அப்பாடா" என்கிறார், "சாப்ட்டு வந்து, பெலிக்ஸ்" என்றேன். அவர் என் முகத்தையும் அவள் முதுகையும் பார்த்துவிட்டு, சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார், நல்ல மனுஷர்.

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அழுதிருக்கவில்லை. மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது.

"நீ காலையிலேயே கூப்பிட்டிருக்க" என்றாள்.

"ஆமாண்டி. நீ வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடியே. மணி அடிச்சுது, அவரு எடுக்கல. உங்கிட்ட மறைச்சது தப்புதான்."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். என்னை எந்தக் கணக்கில் வைப்பது என்று யோசிக்கிறாள், இவ்வளவு நேரம் யோசிக்கிற பிள்ளையா இவள், நான் கவனித்ததே இல்லையே.

"நானே சொல்லிட்டேன்" என்றாள்.

"மாமாகிட்டயா?"

"அவரு என்ன விசேஷம்னு கேட்டாரு. நான் சொன்னேன். போர்டு வெச்சா நான் ஊருக்கே வரமாட்டேன், எப்பவுமே வரமாட்டேன்னும் சொன்னேன். அப்புறம், யாழினிக்காகூட அப்பவே வேணாம்னுதான் சொன்னாளாம், தான்தான் காதுல போட்டுக்கலன்னாரு. மூக்க உறிஞ்சினாரும்மா."

"திட்டலயே?"

"இல்ல. பயந்துட்டியாடான்னு கேட்டாரு. கொஞ்சம்னேன். என்ன வேணும்னாரு. ஊதா ரிப்பன்னு சொன்னேன். சரி, சாயங்காலம் வரேன், நான் மட்டும்தான் வரேன், ஒருத்தருக்கும் சொல்லலன்னாரு." நெற்றியைச் சுருக்கினாள். "படிக்க எதாச்சும் பேய்க்கதை வேணுமான்னும் கேட்டாரு. எதுக்கும்மா அப்படிக் கேட்டாரு?"

"சாயங்காலம் அவரையே கேளு" என்று மட்டும் சொன்னேன். மறக்கவில்லை அண்ணன். எங்கேயோ வைத்துவிட்டுத் தேடாமல் இருந்திருக்கிறார், என்னைப் போலவே.

அவளைத் தொடலாமா, தாடையைப் பிடிக்கலாமா என்று கை போனது. பிடிக்கவில்லை. அவள் பையைத் திறந்து நகவெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே போட்டாள். ஹெட்போன் அழுத்தியதில் முடி ஒரு பக்கம் படிந்து, மறு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி, ஒன்றுமில்லாத கேள்வியைக் கேட்பது போலக் கேட்டாள்.

"அம்மா, நான் எப்படிம்மா இருக்கேன்?"

இந்த முறை எனக்கு வசனம் ஒன்றும் வரவில்லை. நல்லவேளை. அவளை நன்றாகப் பார்த்தேன். நெற்றித் தழும்பு, சிவந்த மூக்கு, தூக்கிக்கொண்ட முடி.

"நேத்து மாதிரியேதான்டி இருக்க."

ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தாள். அப்புறம் தோள் இரண்டும் இறங்கின.

"அப்பாடா" என்றாள்.

லேசாக, பாரமே இல்லாமல், நடிப்பில்லாமல். காதில் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து அது ஒன்றுதான் பேச வேண்டும்.